இடுப்புக்குத் திரும்பும் கை: கராத்தே பழகுபவர்களுக்கு ஜுஜுட்சுவின் கோதே-கயேஷி

கராத்தே வகுப்பில் முதல் நாளிலேயே சொல்லித் தருவார்கள்: ஒரு கை குத்தப் போகும்போது மற்றக் கை முறுகி, உள்ளங்கை மேலே பார்க்க இடுப்புக்கு வர வேண்டும். இதுதான் ஹிக்கிதே. பல ஆண்டு பழகியவர்களும் அதை வெறுங்கையாகவே இழுக்கிறார்கள். அந்தக் கைக்குள் எதிராளியின் கை இருப்பதாக வைத்துக்கொண்டு ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதே முறுக்கு ஜுஜுட்சுவில் கோதே-கயேஷி என்ற மணிக்கட்டுப் பூட்டாக இருக்கிறது.

இரண்டும் வெவ்வேறு மண்ணில் வளர்ந்தவை. ஜுஜுட்சு ஜப்பானின் பெருந்தீவுகளில் போர்வீரர்களிடம் உருவானது. கராத்தே தெற்கே ஒகினாவாவில் பிறந்தது. 1922-இல் ஃபுனகோஷி கிச்சின் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்து கராத்தேயைச் செய்து காட்டினார். அதே ஆண்டு அவரிடம் மாணவராகச் சேர்ந்த ஓட்சுகா ஹிரோனோரி, அதற்குள் ஷிண்டோ யோஷின்-ரியூ என்ற ஜுஜுட்சு மரபில் ஊறியவர். கதா என்று தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளோடு, இருவர் எதிரெதிரே நின்று பழகும் முறைகளை அவர் வளர்த்தெடுத்தார். 1938-இல் கியோட்டோவின் புடோகுகாய் என்ற தற்காப்புக் கலை அமைப்பில் தன் மரபைப் பதிவுசெய்தார். இன்று நாம் வாடோ-ரியூ என்பது அதுதான். வெள்ளை உடையும் கறுப்புப் பெல்ட்டுக்குரிய டான் தரமும்கூடக் கராத்தேக்கு ஜூடோவிலிருந்து வந்தவை. ஜூடோவின் வேர் ஜுஜுட்சு.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பிடித்துத் திருகும் முறைகள் ஒகினாவாவிலும் இருந்தன. எனவே கராத்தேயில் எந்தப் பூட்டைப் பார்த்தாலும் 'ஜுஜுட்சுவிலிருந்து எடுத்தது' என்று சொல்லிவிடக் கூடாது. வாடோவுக்கு ஜுஜுட்சு தந்த பெரிய கொடை பூட்டு அல்ல, உடலை நகர்த்தும் விதம். தடுப்பது ஒரு வேலை, திருப்பி அடிப்பது அடுத்த வேலை என்று பிரிக்காமல், விலகும் அந்த நொடியிலேயே அடிப்பது. கீழே பழகப்போவதிலும் இதுவே உயிர்.

முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள்

பூட்டு சரியாக விழுந்தால், உங்களோடு பழகும் துணைவர் பின்பக்கம் சாய்வார். விழத் தெரியாதவர்மேல் இதைச் செய்யவே கூடாது. ஜூடோ பாயில் குந்தி உட்காருங்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கண் பெல்ட் முடிச்சைப் பார்க்கட்டும். முதுகை வளைத்துப் பின்னால் உருளுங்கள். தோள்பட்டை தரையைத் தொடும்போது இரு கைகளாலும், முழங்கை முதல் உள்ளங்கை வரை ஒரே நேரத்தில் பாயை அறையுங்கள். கைகள் உடம்பிலிருந்து ஏறக்குறைய 40 பாகை விலகியிருந்தால் போதும். மூச்சு வெளியே போகட்டும்.

பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். எலும்பு முறிவது அப்படித்தான். தினம் 10 முறை, இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். பிறகு நின்ற நிலையிலிருந்து.

நின்றபடி பூட்டு

நகராமல் தொடங்குவோம். துணைவர் எதிரே நின்று வலது கையை, உள்ளங்கை கீழே பார்க்க, உங்கள் இடுப்பு உயரத்தில் நீட்டட்டும்.

1. உங்கள் இடது கையை அவர் புறங்கையின் மேல் வையுங்கள். விரல்கள் அவர் கட்டைவிரலின் அடிச்சதையைச் சுற்றி உள்ளங்கைக்குள் போகட்டும். உங்கள் கட்டைவிரல் அவரது மோதிரவிரல், சுண்டுவிரல் கணுக்களுக்கு இடையே படிய வேண்டும்.

2. ஹிக்கிதேயில் செய்வதுபோலவே உங்கள் இடது கையை முறுக்குங்கள். அவர் கட்டைவிரல் மேலே எழும்பி, பிறகு உங்கள் இடப்பக்கம் சாயும். இப்போது அவர் புறங்கை உங்களைப் பார்க்கும், விரல்கள் மேல்நோக்கி நிற்கும்.

3. வலது உள்ளங்கையை அவர் புறங்கைமேல் வைத்து, விரல்களை அவருடைய முன்கையை நோக்கி மடியுங்கள். மடிப்புதான் முதலில், திருகல் அதன் பிறகு.

4. இடது காலைப் பின்னால் இழுத்து, இடுப்பை இடப்பக்கம் திருப்புங்கள். கைகள் உங்கள் தொப்புளுக்கு நேரே இருந்தபடி இடுப்போடு சேர்ந்து போகட்டும். அவர் தன் வலது பின்பக்கம் சாய்வார்.

முழுப் பூட்டுக்கும் குறைந்தது 3 நொடி எடுத்துக்கொள்ளுங்கள். துணைவர் தன் தொடையிலோ பாயிலோ இரண்டு முறை தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்குக் கால் வைப்பையும் கைப்பிடியையும் மட்டும் கற்றுக்கொடுங்கள். மணிக்கட்டை அழுத்த வேண்டாம்.

பூட்டு விழவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம். மணிக்கட்டை மடிக்காமலே திருகினால், பலமுள்ளவர் முழங்கையை நிமிர்த்தி எதிர்த்து நின்றுவிடுவார். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினால் அவர் முழங்கை விடுபட்டு, கையை உருவிக்கொள்வார். காலை நகர்த்தாமல் தோள் பலத்தால் செய்தால், உங்களைவிட எடை குறைந்தவரிடம் மட்டுமே எடுபடும். இந்த மூன்றாவதுதான் கராத்தேக்காரர்களிடம் அதிகம். தோளில் இறுக்கம் பழகிப்போயிருக்கும்.

குத்தை எதிர்கொண்டு

துணைவர் வலது காலை முன்வைத்து, வலது கையால் உங்கள் நெஞ்சுக்கு நேரே மெதுவாகக் குத்தட்டும். உங்கள் இடது கால் இடப்பக்கம் முன்னோக்கிச் சாய்வாக அரை அடி போகட்டும். வலது கால் பின்தொடரட்டும். பின்வாங்கக் கூடாது. பின்வாங்கினால் அவருடைய இரண்டாவது குத்துக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். இப்போது அவர் கை உங்கள் வலப்பக்கமாகக் கடந்து போகும். அதை அடித்து நிறுத்த வேண்டாம், ஓடவிடுங்கள். வாடோவில் இதை நகசு என்பார்கள்.

கால் தரையைத் தொடும் அதே நேரத்தில் இடது கை அவர் முன்கைமேல் படிந்து, மணிக்கட்டுக்கு வழுக்கிச் செல்லட்டும். வலது கைமுட்டி அவர் கீழ்விலாவைத் தொடட்டும். பழகும்போது தொட்டால் போதும். இந்த இடத்தில் உங்கள் உருவத்தைக் கண்ணாடியில் பார்த்தால் தெரியும்: ஒரு கை குத்துகிறது, மற்றக் கை இடுப்புக்கு வருகிறது.

அந்த அடி விலாவில் படும் நொடியில் அவர் கவனம் கையிலிருந்து விலகும், கைமுட்டியின் இறுக்கம் தளரும். அப்போது உங்கள் பிடியை அவர் புறங்கைக்கு மாற்றி, மேலே சொன்ன 2 முதல் 4 வரை தொடருங்கள். அடி இல்லாமல் நேரே பூட்டுக்குப் போனால் அவர் கைமுட்டியை இறுக்கிக்கொள்வார். இறுகிய முட்டியைத் திருப்புவது மிகக் கடினம். பழைய ஜுஜுட்சுவில் அத்தெமி என்ற அடி இந்த வேலைக்காகத்தான் இருக்கிறது.

பக்கத்துக்கு 20 முறை மெதுவாக. துணைவர் விழும்போது அவர் கையை விடாமல் லேசாக மேலே தாங்கிப் பிடியுங்கள். தலை தரையில் மோதாது.