ஏழு நாள் மலைநடைக்கு முதுகுப்பையை அடுக்குவது எப்படி

காஷ்மீரில் சோனாமார்க் பக்கம் ஏறத் தொடங்கி, விஷன்சர், காட்சர், சத்சர், கங்காபல் என்று ஏரி ஏரியாகப் போய் நாரநாக்கில் இறங்கும் ஒரு பாதை இருக்கிறது. எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழியில் கடை கிடையாது, சாலை கிடையாது, இரண்டு மூன்று கணவாய்கள் 4,000 மீட்டருக்கு மேலே. கோவேறு கழுதையில் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். டென்ட் முதல் உப்புவரை எல்லாவற்றையும் முதுகிலேயே சுமந்து போகிறவர்களும் உண்டு, நான் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன்.

முதல் தடவை முதல் நாள் மதியத்துக்குள் தோள் இரண்டும் எரிய ஆரம்பித்துவிட்டது. பை என்னைப் பின்னால் இழுக்க, நான் முன்னால் குனிந்து குனிந்து நடக்க, மூச்சும் சரியாக வரவில்லை. எடை அதிகம், எதையாவது தூக்கிப் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கூட வந்த நண்பர் ஓடைக்கரையில் என் பையை முழுக்கக் கொட்டி, ஒரு பொருளைக்கூடக் குறைக்காமல் திரும்ப அடுக்கிக் கொடுத்தார். அதே 15 கிலோ. சாயங்காலம் நிமிர்ந்து நடந்தேன். அன்றிலிருந்து எனக்கு இதில் பெரிய அக்கறை. புதிதாகப் போகிறவர்கள் எந்தக் கம்பெனிப் பை நல்லது என்றுதான் கேட்கிறார்கள், எதை எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை.

பையைப் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏழு நாளுக்கு 60, 65 லிட்டர் போதும். ஆனால் முதுகின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும், உங்கள் மொத்த உயரத்துக்கு அல்ல. தலையைக் குனிந்தால் பின்கழுத்தில் ஓர் எலும்பு துருத்தும். அதிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக முதுகில் வரும் இடம்வரை டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். கடையில் காலிப் பையை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள், உள்ளே பத்து கிலோவாவது போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கால் மணி நேரம் நடந்து பாருங்கள்.

எடை எவ்வளவு இருக்கலாம்? உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் சுகமாக நடக்கலாம், கால் பங்குக்கு மேலே போனால் மலையில் கஷ்டம். என் கணக்கைச் சொல்கிறேன்: பை 2 கிலோ, டென்ட்டில் என் பங்கு 1.5, ஸ்லீப்பிங் பேக் 1.4, பாய் அரை கிலோ, அடுப்பும் கேஸும் பாத்திரமும் 900 கிராம், உடுப்பு 2, தண்ணீர் 1.5, சில்லறைச் சாமான் ஒரு கிலோ, சாப்பாடு நாளைக்கு 650 கிராம் வீதம் ஏழு நாளுக்கு நாலரை. கூட்டினால் 15.3. வீட்டிலேயே சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதி வையுங்கள். எழுதிப் பார்த்தால்தான் சோப்பு, ஷாம்பு, சார்ஜர், உபரி டிஷர்ட் என்று சில்லறையெல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ ஆகியிருப்பது தெரியும்.

இனி அடுக்குவது. பையைத் திறந்ததும் முதலில் உள்ளே போக வேண்டியது ஒரு பெரிய, தடித்த பாலிதீன் பை. பெரிய குப்பைப் பை போதும், கிழிசல் இல்லாமல் இருக்க வேண்டும். ரெயின் கவர் இருக்கிறதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். ரெயின் கவர் வெளிப்புறத்தைத்தான் மூடும். மழைத் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கி, முதுகுக்கும் பைக்கும் நடுவில் ஓடி, முதுகுப் பக்கத் துணி வழியாக உள்ளே கசியும். விஷன்சரில் ஒரு இரவு நனைந்த ஸ்லீப்பிங் பேக்கில் விடியும்வரை நடுங்கிக்கொண்டு கிடந்தேன், ரெயின் கவர் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் சூடு தருவதை நிறுத்திவிடும், அந்தக் குளிரில் அது காயவும் காயாது. அதனால் ஸ்லீப்பிங் பேக், ராத்திரி உடுப்பு, கம்பளிக் காலுறை இவை எப்போதும் அந்தப் பாலிதீனுக்குள், வாயை முறுக்கி மடித்து.

அடியில் ஸ்லீப்பிங் பேக். கூடாரம் போட்ட பிறகுதான் அது வேண்டும், எடையும் குறைவு. கடையில் கொடுக்கும் இறுக்குப் பையில் போட்டுக் கல் மாதிரி உருட்டி வைத்தால் அதன் இரண்டு பக்கமும் மூலையில் வெற்றிடம் நிற்கும், அந்த இடம் முழுக்க வீண். நான் அதை இறுக்காமல், மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும்படி கையால் திணித்துவிடுவேன். மேலே வரும் கனமான சாமானுக்கு அது மெத்தை போல இருக்கும், இடுப்புப் பட்டைக்கு மேலே எதுவும் குத்தாது. ராத்திரி உடுப்பும் அதோடேயே.

அடுத்தது கனமான சாமான், சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. சாப்பாடு, அடுப்பு, கேஸ், பாத்திரம் இவற்றை நடு முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி, முதுகை ஒட்டி வையுங்கள். ஒட்டி என்றால் நிஜமாகவே ஒட்டி. ஒரு செங்கல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடியுங்கள், அப்புறம் அதையே கையை நீட்டிப் பிடியுங்கள். அதே செங்கல்தான், நீட்டினால் ஒரு நிமிடம் தாங்காது. பையிலும் அதே கதை. முதுகிலிருந்து அரை அடி தள்ளி இருக்கும் சாப்பாட்டு மூட்டை உங்களைப் பின்னால் இழுக்கும், அதைச் சமன் செய்ய முன்னால் குனிவீர்கள், குனிந்தால் தோளும் இடுப்பும் வலிக்கும். என் முதல் பையில் சாப்பாடு முழுக்க அடியில், வெளிப்பக்கத்தில் இருந்தது. நண்பர் மாற்றியது முக்கியமாக அதைத்தான்.

கனமான சாமானைச் சுற்றி, அதாவது வெளிப்பக்கத்திலும் ஓரங்களிலும், டென்ட் துணியும் கனமில்லாத உடுப்பும் வரட்டும். டென்ட்டை அது வந்த பையோடு அப்படியே வைக்க வேண்டாம். கம்பிகளைத் தனியே எடுத்து ஓரத்தில் நிமிர்த்தி வைத்து, துணியை இடைவெளிகளில் திணித்தால் கனமான மூட்டை அசையாமல் நிற்கும். பாத்திரத்துக்குள்ளும் வெற்றிடம் விடாதீர்கள், கேஸ் டப்பா, தீப்பெட்டி, துடைக்கும் துணி எல்லாம் அதற்குள் போய்விடும். அடுக்கி முடித்துப் பையைத் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் நகரக் கூடாது. ஓரத்தில் உருளும் ஒரு சின்னப் பாத்திரம்கூடப் பாறை தாண்டும்போது உங்களைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

சாப்பாட்டை ரகம் ரகமாகப் பிரிக்காதீர்கள், நாள் நாளாகப் பிரியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பை, மேலே தேதி. நாளைய பை மேலே, கடைசி நாள் பை கீழே, அதற்கும் கீழே ஒரு நாள் உபரி. கணவாயில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு நாள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். என்ன கொண்டுபோவது என்று கேட்டால் நான் அவலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேக வெகுநேரம் ஆகும், கேஸ்தான் தீரும். அவலுக்கு வெந்நீர் ஊற்றி மூடினால் ஐந்து நிமிடம், மேலே புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி. சத்துமாவுக் கஞ்சி, வறுத்த சேமியா, பருப்புப்பொடி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பேரீச்சை எல்லாமே கனத்துக்கேற்ற சத்து தருபவை. புளிக்காய்ச்சலை மட்டும் திருகு மூடி டப்பாவில் போட்டு, அதை இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள். எண்ணெய் ஸ்லீப்பிங் பேக்கில் இறங்கினால் அந்தப் பயணத்துக்குள் சரி செய்ய முடியாது.

கேஸ் டப்பாவை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, போய்ச் சேரும் ஊரில்தான் வாங்க வேண்டும், அதனால் கிளம்பும் முன்பே எங்கே கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள். பவர்பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். நடைக்கோலை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெரிய பையில் போட்டுவிடுங்கள்.

பையின் மேல்பகுதியில், திறந்ததும் கையில் படும்படி, மழைக்கோட்டும் ஒரு குளிர்ச் சட்டையும். கணவாயில் ஏறி நின்ற இரண்டாவது நிமிடமே வியர்த்த உடம்பு குளிரும், அப்போது முழுப் பையையும் கிளற வேண்டி வந்தால் சோம்பலில் போடாமலேயே நின்றுவிடுவோம். மூடியில் இருக்கும் அறையில் ஹெட்லேம்ப், மருந்து, வெயில் கிரீம், டாய்லெட் சாமான், அப்புறம் அசல் அடையாள அட்டை. இந்தப் பாதையில் ஏரிகளுக்குப் பக்கத்தில் ராணுவ முகாம்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அட்டையைக் கேட்பார்கள், நனையாமல் ஜிப் பையில் மேலேயே வைத்துவிட்டால் நிம்மதி. இடுப்புப் பட்டைப் பையில் கடலைமிட்டாயும் போனும்.

தண்ணீர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டில். ஒரு பக்கத்து பாட்டிலையே குடித்துத் தீர்த்தால் பை ஒரு பக்கம் சாயும், மாற்றி மாற்றிக் குடியுங்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, இந்தப் பாதையில் ஓடைகள் அடிக்கடி வரும், அதனால் இரண்டும் சேர்த்து ஒன்றரை லிட்டருக்கு மேல் நான் சுமப்பதில்லை. ஆனால் வழியில் வரும் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள், மேலே ஆட்டு மந்தைகள் மேய்கின்றன. ஃபில்டரோ குளோரின் மாத்திரையோ வேண்டும். ஃபில்டர் ஒரு தடவை உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் உடைந்துவிடும், பார்த்தால் தெரியாது, ராத்திரி அதையும் பவர்பேங்க்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். செருப்பு, டம்ளர், ஈரத்துணி எல்லாம் ஆடி ஆடி நடையைக் கெடுக்கும், புதரில் மாட்டும், தொலையும். வெளியே இருக்கும் வலைப்பையில் காலையில் நனைந்த டென்ட்டின் மேல்துணியும் குப்பைப் பையும் மட்டும். மிட்டாய்த் தாள் உட்பட எல்லாக் குப்பையும் அதில் போட்டுத் திரும்பக் கீழே கொண்டுவர வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்த ஏரிக்கரைகளில் நூடுல்ஸ் உறைகள் கிடப்பதைப் பார்த்தவன் நான்.

சரி, அடுக்கியாகிவிட்டது, எப்படி மாட்டுவது? நம் ஊரில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பாருங்கள். எடை கைக்கு வராது, இடுப்பெலும்பில் உட்காரும். குடம் சாயாமல் அணைத்துக்கொள்ளத்தான் கை. முதுகுப்பையும் அப்படித்தான், எடையில் பெரும்பங்கு இடுப்புக்கு, தோள் வார்கள் பையை முதுகோடு அணைக்க. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையைத் தொடைமேல் ஏற்றி, ஒரு கையை நுழைத்து, அப்புறம் மறு கை. தரையிலிருந்து ஒரே வீச்சில் சுழற்றித் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். முதலில் இடுப்புப் பட்டை, இடுப்பெலும்பின் மேல்விளிம்பை அணைத்தபடி நன்றாக இறுக்கி. அப்புறம் தோள் வார், தொட்டால் போதும், இறுக்க வேண்டாம். அதற்குப் பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சிக்குப் போகும் சின்ன வார், அது பையை முதுகை நோக்கிச் சாய்க்கும். கடைசியில் நெஞ்சு வார், மூச்சு தடையில்லாமல் வரும் அளவுக்கு. தோள் வலித்தால் நின்று இடுப்புப் பட்டையைத்தான் முதலில் பாருங்கள், அது வழுக்கி இறங்கியிருக்கும்.

இதையெல்லாம் முதல் தடவை மலையில் செய்து பார்க்கக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே முழு எடையோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள், முடிந்தால் ஒரு நாள் பர்வதமலை மாதிரி ஏதாவது ஏறிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மழைக்கோட்டை எடுக்க முடிகிறதா, இருட்டில் டார்ச் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். பையை இரண்டு மூன்று தடவை கொட்டி அடுக்கினாலே எது எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்ததும் பையை அப்படியே மூலையில் போடாமல், பயன்பட்டது, பயன்படாதது என்று இரண்டு குவியலாகப் பிரியுங்கள். மருந்தும் மழைக்கோட்டும் உபரி நாள் சாப்பாடும் தவிர, பயன்படாத எதுவும் அடுத்த தடவை வர வேண்டியதில்லை.

இன்னொன்று, ஒரு நாள் அடுக்கினது ஏழு நாளுக்கும் ஆகாது. சாப்பாடு குறையக் குறைய நடுவில் பள்ளம் விழும், மேலே இருப்பது ஆட ஆரம்பிக்கும். தினமும் காலையில் புதிதாக அடுக்கிப் பக்க வார்களை இழுத்துச் சுருக்குங்கள். கடைசி நாள் கங்காபல்லிலிருந்து நாரநாக்குக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், பைன் காட்டுக்குள் செங்குத்தாகப் போகும், முழங்காலைப் பதம் பார்க்கும் பாதை. அன்று மட்டும் கனமான சாமானை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே, இடுப்புக்குச் சற்று மேலே வரும்படி வைப்பேன். எடை தாழ்ந்து இருந்தால் இறக்கத்தில் பை தலைக்கு மேலே முன்னால் தள்ளாது. இரண்டாவது தடவை அப்படித்தான் இறங்கினேன், நாரநாக் கோயில் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் பையைக் கழற்றும்போது அது 11 கிலோவுக்கும் குறைவாக இருந்தது.