ஆசைப் பட்டியலை டைரியிலிருந்து வெளியே எடுப்பது எப்படி (நடுவில் கொஞ்சம் பனிச்சறுக்கு)

2018இல் மூணாறில் குறிஞ்சி பூத்தது. போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்து நான் கிளம்புவதற்குள் பூ முடிந்துவிட்டது. அந்தக் கடுப்பில்தான் ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டேன். அப்போது எனக்கு 36 வயது. மொத்தம் 23 ஆசை: நீச்சல், வெள்ளியங்கிரி ஏழாவது மலை, அத்தையின் சமையலை எழுதி வைப்பது, பனிச்சறுக்கு, மாரத்தான் என்று போகும். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்றுதான் அடிக்கப்பட்டிருந்தது, அதுவும் பைக் வாங்குவது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை, லோன் கொடுக்க அவர்களே துரத்தித் துரத்தி வந்தார்கள்.

இன்றைக்கு 11 முடிந்திருக்கிறது. எனக்கு எது வேலை செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை, ஒவ்வொரு ஆசைக்கும் பக்கத்தில் 'எதுவரைக்கும்?' என்று எழுதுங்கள். எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அப்புறம். குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அடுத்தது 2030, அதையும் விட்டால் 2042இல் எனக்கு 60 வயது. அத்திவரதர் 2019இல் எழுந்தருளியபோது கூட்டத்துக்குப் பயந்து போகவில்லை. இனி 2059, எனக்கு 77 ஆகியிருக்கும், அதனால் அந்த வரியை எடுத்தே விட்டேன். வெள்ளியங்கிரிக்கு வருடத்தில் பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை விடும், தவிர அந்த ஏழாவது மலை முழங்காலோடு சம்பந்தப்பட்ட விஷயம். அத்தைக்கு 81 வயது. இப்படி எழுதியதுமே எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிட்டது. அதுவரை நான் மேலே இருந்து கீழே வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இருந்தது நீச்சல், அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

இரண்டாவது, இரவல் ஆசைகளை எடுத்துவிடுங்கள். மாரத்தான் எனக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், ஆபீஸில் நாலு பேர் ஓடினார்கள், அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவதை நினைத்தால் ஒரு சந்தோஷமும் வரவில்லை. செய்து முடித்தபின் கிடைக்கும் போட்டோவை நினைக்கும்போது மட்டும் சந்தோஷம் வந்தால் அது உங்கள் ஆசை இல்லை, தயங்காமல் அடியுங்கள்.

அப்புறம், மிச்சமிருக்கும் ஒவ்வொன்றுக்கும் இந்த வாரமே செய்து முடிக்கக்கூடிய ஒரு சில்லறை வேலையை எழுதுங்கள். 'நீச்சல் கற்றுக்கொள்வது' என்று எழுதினால் அது அப்படியேதான் கிடக்கும். 'சனிக்கிழமை போய்ப் பெரியவர்களுக்கான காலை பேட்ச் எத்தனை மணிக்கு என்று கேட்பது' என்று எழுதினால் போய்க் கேட்டுவிட்டு வருவீர்கள். பெரிய பணம் கேட்கும் ஆசை ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதற்குத் தனியாக ஒரு ஆர்.டி. போடுங்கள். மாதம் 3,000 என்றால் 18 மாதத்தில் 54,000, வட்டி தனி. சேமிப்புக் கணக்கில் கலந்து வைத்தால் தீபாவளிக்குப் பட்டாசாகப் போய்விடும், அனுபவம்.

சரி, பனிச்சறுக்கு. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகமாகச் சொதப்பியது இதில்தான்.

சுவிட்சர்லாந்துக்குப் போனால்தான் இது முடியும் என்று நினைத்தே பல பேர் வெறுமனே எழுதி வைத்திருக்கிறார்கள். தேவையில்லை. காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் அவுலி, மணாலி பக்கத்தில் சோலாங், மூன்று இடத்திலும் கற்றுக்கொள்ளலாம். அவுலிக்கு ஜோஷிமடம் வழியாகப் போக வேண்டும். 2023 தொடக்கத்தில் அங்கே நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்டபோது மேலே போகும் ரோப்வேயை நிறுத்திவிட்டார்கள், அதனால் கிளம்புவதற்கு முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். நான் போனது குல்மார்க். சுமார் 2,650 மீட்டர் உயரம், அதாவது நம் தொட்டபெட்டா உச்சி அளவுதான், எனவே உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அங்கே ஓடும் கேபிள் காரான கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வாட் சிகரத்தின் பக்கம் 3,900 மீட்டருக்கு மேலே ஏற்றிவிடும். அங்கே போய்ப் பார்த்துவிட்டு கோண்டோலாவிலேயே இறங்கி வாருங்கள், அந்தச் சரிவு புதிதாகக் கற்பவர்களுக்கானது இல்லை.

நான் முதலில் போனது 2024 ஜனவரி முதல் வாரம். சீசனின் நடு மாதம், தப்பே நடக்காது என்று நம்பி விமானம், அறை எல்லாவற்றையும் திருப்பித் தராத கட்டணத்தில் பதிவு செய்திருந்தேன். போய் இறங்கினால் பனியே இல்லை. காய்ந்த பழுப்புப் புல், நடுவே குதிரைச் சாணம், கடை வாசலில் சுவரோடு சாய்த்து வைத்த பனிச்சறுக்குப் பலகைகளின் மேல் தூசி. அந்த வருடம் காஷ்மீர் முழுக்க வறண்ட குளிர்காலம், பனி விழுந்தபோது நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து அதை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் சொல்கிறேன், டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் என்று கிறிஸ்துமஸ் விடுமுறையோடு சேர்த்துத் திட்டம் போடாதீர்கள். பிப்ரவரியில் ஒரு பத்து நாள் ஒதுக்குங்கள், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், கூடுதல் பணம் போனாலும் பரவாயில்லை. ரயிலில் டெல்லி வரை போவதாக இருந்தால் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. பிப்ரவரிக்கு டிசம்பரில் டிக்கெட் எடுத்தால் போதும், அந்த வருடம் பனி எப்படி என்பதும் ஓரளவு தெரிந்திருக்கும்.

இரண்டாம் முறை மார்ச் முதல் வாரம் போனேன். பிப்ரவரி கடைசியில் நன்றாகப் பெய்திருந்தது. ஸ்ரீநகரிலிருந்து தங்மார்க் வரை சாதாரண டாக்ஸி போகும், அதற்கு மேல் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் எடுக்காது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். இது தெரியாமல் முதல் பயணத்தில் வீட்டுக்கு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை.

அரசு நடத்தும் வகுப்புகளில் சேர்ந்தால் ஒழுங்காகக் கற்கலாம். குல்மார்க்கில் இந்திய பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனமும் மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான மலையேற்ற நிறுவனமும் நடத்துகின்றன. அடிப்படை வகுப்பு இரண்டு வாரம் வரை போகலாம், மருத்துவச் சான்று கேட்பார்கள், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். அவ்வளவு லீவு எனக்குக் கிடைக்கவில்லை, எனவே ஒரு உள்ளூர் பயிற்சியாளரை ஐந்து நாளுக்குப் பிடித்தேன். ஒரு நாள் போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதாது. முதல் நாள் முழுக்க விழுந்து எழுவதற்கே சரியாக இருக்கும்.

வாடகைக் கடையில் அவசரப்படாமல் பார்க்க வேண்டியது பூட்ஸ். சின்ன வயதில் பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது 'ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க' என்பார்களே, அதே புத்தியில் நானும் தொளதொளவென்று ஒன்றை எடுத்துப் போட்டேன். தப்பு. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துதான் இந்த பூட்ஸின் சைஸ் சொல்வார்கள், ஊரிலேயே அளந்துகொண்டு போங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் லேசாக இடிக்க வேண்டும், முட்டியை மடக்கி முன்னால் சாய்ந்தால் அந்த இடி விலக வேண்டும், குதிகால் மட்டும் எப்போதும் மேலே எழும்பக் கூடாது. குளிர் என்று இரண்டு சாக்ஸ் போடாதீர்கள், ஒன்றுதான். ஜீன்ஸ், பருத்தி பனியன் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் காயாது, அப்புறம் உடம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும்.

பயிற்சியாளர் முதல் ஒரு மணி நேரம் ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டிவிட்டு, மற்ற காலால் உந்தி உந்தி நடக்க வைத்தார், நம் ஊர்ப் பிள்ளைகள் தள்ளு ஸ்கூட்டர் ஓட்டுவது மாதிரி. பக்கத்தில் ஆறு வயதுக் குழந்தைகள் சர் சர்ரென்று போய்க்கொண்டிருந்தார்கள். மதியம் இரண்டு பலகையும் மாட்டியதும் சொன்ன பாடம் ஒன்றுதான்: முன்பக்க நுனிகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, ஏர்க்கொழு மாதிரி வை, வேகம் குறையும். உடம்பு கேட்காது. சரிவைப் பார்த்ததும் பயத்தில் பின்னால் சாய்வோம், சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்காது, இன்னும் வேகமாக ஓடும். எனக்கு இது புரிய இரண்டு நாளும் பதினேழு விழுதலும் ஆயின (எண்ணினேன்). விழுந்தால் எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே, உங்கள் உடம்புக்குக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு எழுந்திருங்கள், இல்லையென்றால் எழும்போதே வழுக்கிக்கொண்டு போகும்.

தொடை வலி கொன்றுவிடும். இரண்டு மாதம் முன்பிருந்தே சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்வது போல் உட்கார்ந்து பழகுங்கள். முப்பது நொடியில் ஆரம்பித்து இரண்டு நிமிடம் வரை. வெள்ளியங்கிரி ஏறுவதும் நல்ல தயாரிப்பு, ஒரே உழைப்பில் பட்டியலில் இரண்டு வரி அடிபடும்.

நாலாம் நாள் மதியம் கற்பவர்களுக்கான சரிவில் மேலிருந்து கீழ்வரை விழாமல் வந்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அன்றைக்கு ராத்திரி டைரியில் அந்த வரியை அடிக்கவில்லை, 'திரும்பவும்' என்று பக்கத்தில் எழுதினேன். இப்படியும் சில நடக்கும், பட்டியல் குறையாமல் நீளும்.

குல்மார்க்கைவிட எனக்குக் கஷ்டமாக இருப்பது அத்தையின் சமையல். எதைக் கேட்டாலும் 'கண்ணளவுதான்டா' என்பார். கேட்டு எழுதுவதை விட்டுவிட்டேன். இப்போது ஒரு சமையல் தராசு வாங்கிக்கொண்டு போய், அவர் கை வைப்பதற்கு முன் மிளகாய்த்தூள் டப்பாவை ஒரு தடவை, வைத்த பிறகு ஒரு தடவை நிறுத்துப் பார்க்கிறேன், வித்தியாசம்தான் அளவு. வத்தக்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு இரண்டும் இப்படி முடிந்தன. தராசைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு தாங்காது, சிரித்துக்கொண்டே வேண்டுமென்றே ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுவார், அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்ய வைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஞாயிறு ரசப்பொடி.