பள்ளி மாணவரை அப்ரண்டிஸாகச் சேர்க்கப் போகிறீர்களா?

முதன்முதலில் ஒரு பள்ளி மாணவனைப் பட்டறையில் அப்ரண்டிஸாக, அதாவது வேலை கற்கும் பழகுநராகச் சேர்த்தபோது, அவன் வந்து நின்ற பிறகுதான் என்ன வேலை கொடுப்பது என்று யோசித்தேன். மூன்று வாரம் பெருக்கினான், பெட்டி பிரித்தான். நாலாவது வாரம் வரவில்லை. தப்பு அவனுடையது அல்ல. அதனால் விளம்பரம், நேர்காணல் எல்லாம் அப்புறம்.

படி 1: என்ன கற்றுக்கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளில், ஒரு வருடத்தில் அவர் தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதுங்கள். 'இயந்திரம் பற்றித் தெரிய வேண்டும்' என்று எழுதினால் பயனில்லை. 'வெர்னியர் அளவுகோலில் அளவெடுத்துப் பதிவு செய்ய வேண்டும்' என்று எழுதுங்கள். கணக்கு அலுவலகம் என்றால் 'ரசீதுகளைத் தேதிவாரியாகப் பதிய வேண்டும்'. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நான்கு கட்டங்கள் போடுங்கள்: பார்த்தார், கூடச் சேர்ந்து செய்தார், மேற்பார்வையில் செய்தார், தனியாகச் செய்தார். பத்து வேலைகூடத் தேறவில்லையா? அப்படியானால் உங்களுக்குத் தேவை எடுபிடி ஆள், அப்ரண்டிஸ் அல்ல.

படி 2: சட்டத்தைப் பாருங்கள்

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பொதுவாக 15 என்றும் ஆபத்தான வேலைக்கு 18 என்றும் வைக்கிறது. நாட்டுக்கு நாடு விவரம் மாறும். அமெரிக்காவில் பதிவு செய்யப்பட்ட அப்ரண்டிஸ் திட்டங்களில் சேரக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும். அங்கே 14, 15 வயதுக்காரர்கள் பள்ளி நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. உங்கள் ஊர்ச் சட்டத்தை வைத்து, தொடவே கூடாத இயந்திரங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விபத்துக் காப்பீடு பொருந்துமா என்பதையும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படி 3: பள்ளியோடு நேரத்தைப் பேசுங்கள்

சுவிட்சர்லாந்தில் பழகுநர்கள் பெரும்பாலும் வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார்கள். எல்லா ஊரிலும் அது நடக்காது. சரி, கணக்குப் போடுங்கள்: வாரத்துக்கு 12 மணி நேரம், வருடத்தில் 40 வாரம் என்றால் 480 மணி நேரம். முழுநேர ஊழியர் ஒருவரின் மூன்று மாத வேலைதான் அது. ஒரு வருடத்தில் முழுத் தொழிலாளி கிடைப்பார் என்று எண்ண வேண்டாம். தேர்வு வாரங்களில் விடுப்பு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

படி 4: ஆளைத் தேர்ந்தெடுப்பது

மதிப்பெண் பட்டியலை வைத்து முடிவெடுக்காதீர்கள். சுவிஸ் நிறுவனங்கள் மாணவர்களைச் சில நாள் வந்து வேலையைப் பார்க்கச் சொல்வார்கள். ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்கு 'மோப்பம் பிடித்துப் பார்ப்பது' என்றே பொருள் வரும்! நீங்களும் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். புரியாததைக் கேட்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். பெற்றோரையும் ஒருமுறை இடத்தைப் பார்க்கக் கூப்பிடுங்கள்.

படி 5: யார் சொல்லிக்கொடுப்பது?

இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறோம். கைதேர்ந்தவரிடமே ஒப்படைக்கத் தோன்றும். ஆனால் அவர்தான் அதிக நெருக்கடியில் இருப்பவர். 'தள்ளு, நானே செய்கிறேன்' என்று கருவியை வாங்கிக்கொள்வார். ஜெர்மனியில் பழகுநருக்குப் பொறுப்பேற்பவர், தொழில் மட்டுமல்ல, கற்பிக்கவும் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கென்றே தனித் தேர்வு இருக்கிறது. நமக்குத் தேர்வு வேண்டாம், பொறுமைசாலி போதும். அவருடைய அன்றாட இலக்கில் ஒரு மணி நேர வேலையைக் குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் பையனோ பெண்ணோ அவருக்குச் சுமையாகத்தான் தெரிவார்கள்.

கற்பிக்கும் முறைக்கு, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை வேகமாகத் தயார்செய்யப் பயன்பட்ட நான்கு கட்ட முறையே போதும். முதலில் மாணவரின் பதற்றத்தைத் தணித்து, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். அடுத்து, வேலையை ஒவ்வொரு அடியாகச் செய்துகாட்டி, எங்கே பிசகும் என்று சொல்ல வேண்டும். மூன்றாவதாக, அவரையே செய்யவிட்டு, ஏன் அப்படிச் செய்கிறார் என்று விளக்கச் சொல்ல வேண்டும். கடைசியில் தனியே விட்டு, முதலில் அடிக்கடியும் போகப்போக இடைவெளி விட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். நாம் எல்லோரும் தாவிவிடுவது மூன்றாவதை. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் தலையைத்தான் ஆட்டும்.

படி 6: சம்பளமும் கணக்கெடுப்பும்

முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுங்கள். படி 1இல் எழுதிய பட்டியலில் குறிப்பிட்ட எண்ணிக்கை வேலைகள் 'தனியாகச் செய்தார்' என்ற நான்காவது கட்டத்தை எட்டியதும் ஏற்றிக் கொடுங்கள். மாதம் ஒருமுறை அவர், சொல்லிக்கொடுப்பவர், பள்ளி ஆசிரியர் மூவரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காரட்டும். ஒரே கட்டத்தில் இரண்டு மாதம் நின்றுவிட்ட வேலை இருந்தால், மாணவரைக் கேட்பதற்கு முன் சொல்லிக்கொடுப்பவரைக் கேளுங்கள்.

பள்ளி முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, நிரந்தர வேலை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுங்கள். இல்லை என்றால், நான்காவது கட்டம் நிரம்பிய அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அடுத்த இடத்தில் காட்ட அவருக்கு உதவும்.