பார்வை மாறும்போது சொல்லும் மாற வேண்டும்

ஒரே கதையைப் பல பாத்திரங்களின் பார்வையில் எழுத முற்படுவோர் பெரும்பாலும் 'நான்' யார் என்பதை மட்டும் மாற்றிவிட்டு, எல்லாரையும் தம்முடைய நடையிலேயே பேசவைத்துவிடுகிறார்கள்.

இதைத் தவிர்க்க, எழுதத் தொடங்கும் முன்பே, ஒரு நிகழ்ச்சியில் ஒவ்வொருவரும் எதைக் கவனிப்பார், எது அவர் கண்ணில் படவே படாது என்று குறித்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் மூத்த மகன் வீடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். உறங்காமல் கிடந்த தாய், செருப்பு இழுபடும் ஓசையைக் கொண்டே வார் அறுந்திருப்பதையும் அவன் வெகுதூரம் நடந்து வந்திருப்பதையும் அறிந்துகொள்கிறாள். தூங்குவதுபோல் படுத்திருக்கும் தம்பியோ, அண்ணனின் கையில் கடிகாரம் இல்லாததைப் பார்க்கிறான். வந்தவனுக்கு மூடிவைத்த தட்டு மட்டுமே தெரிகிறது.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு பெரும் வசதி உண்டு. அதே இரவில் தந்தை அறையைவிட்டு வெளியே வரவில்லை. தாயின் பகுதியில் அது 'அவர் எழுந்து வரவில்லை' என்றாகும். தம்பியின் பகுதியில் 'அப்பா எழுந்து வரவில்லை'. மூத்தவன் மட்டும் 'அந்த ஆள் எழுந்து வரவில்லை' என்று சொன்னால், பல ஆண்டுக் கசப்பை விளக்க ஒரு பத்திகூடத் தேவைப்படாது. ஆகவே, யார் யாரை எப்படிக் குறிப்பிடுவார் என்பதற்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதிவைத்துக்கொள்வது மிகவும் உதவும்.

சொல்பவருக்குப் பிறர் மனம் தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது. தம்பி சொல்லும்போது 'அண்ணன் வேதனைப்பட்டான்' என்று எழுதாமல், 'அண்ணன் தட்டைத் திறக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்' என்றே எழுத வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தம் கதையைச் சொல்ல ஒரு தேவையும் இருக்க வேண்டும். ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் வெளியிட்ட, ஒரு கொலையை 7 வாக்குமூலங்களால் சொல்லும் சிறுகதையில், கொள்ளைக்காரன், மனைவி, ஆவியாய்ப் பேசும் கணவன் ஆகிய மூவருமே அந்தச் சாவைத் தம் கையால் நேர்ந்ததாகச் சொல்கிறார்கள். பழிக்குத் தப்ப அவர்கள் பொய் சொல்லவில்லை. தம்மைப் பற்றித் தாமே வைத்திருக்கும் மதிப்பைக் காத்துக்கொள்ளவே பேசுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிறுகதைக்கு 2 அல்லது 3 பார்வைகள் போதும். பத்தியின் நடுவே பார்வையை மாற்றாதீர்கள். எழுதி முடித்தபின் பகுதிகளின் தலைப்புப் பெயர்களை மறைத்துவிட்டு நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பேசுவது யாரென்று அவர் தடுமாறும் இடங்களைத் திருத்தி எழுதுங்கள்.