இரவு பகலாக ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டர்: மலையில் அதைப் பாதுகாப்பது எப்படி?

குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்போது பல வீடுகளில் ஒரு கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கு அது கேமரா பதிவுக்கு. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் குடும்ப போட்டோக்களுக்கு. இப்படி ஓடும் கம்ப்யூட்டரைக் காப்பது எப்படி என்று எங்கே கேட்டாலும் வைரஸிலிருந்து ஆரம்பிப்பார்கள். நம் மலையில் கரண்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி நனையும். அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரி. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு வேண்டாம், ஒரு கற்பூர மரக்கிளை லைன் மேல் விழுந்தாலே கரண்ட் போய்ப் போய் வரும். ஒரேயடியாகப் போவதைவிட இந்தப் போய் வருவதுதான் ஹார்டு டிஸ்க்குக்கு ஆபத்து.

முதலில் எர்த்

கம்ப்யூட்டர் பெட்டியின் இரும்பில் புறங்கையை லேசாக வைத்தால் சுருசுருவென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை என்று சந்தேகப்படுங்கள். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், எர்த் வயர் உள்ளே எங்கும் போயிருக்காது. எர்த் இல்லாமல் ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டினாலும் முழுப் பயன் கிடைக்காது, ஏனென்றால் அதிக மின்சாரத்தை அது தள்ளிவிடும் வழிகளில் முக்கியமானது எர்த். பாறை நிலத்தில் எர்த் குழி பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்துவிடும். அந்த மாதங்களில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

அடுத்து யூபிஎஸ்

கரண்ட் போனதும் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் யூபிஎஸ். ஒரு மினி கம்ப்யூட்டரும் ரவுட்டரும் சேர்ந்தாலும் பெரும்பாலும் 40 வாட்டைத் தாண்டாது. 600 விஏ அளவுள்ள யூபிஎஸ் தாராளமாகப் போதும். ரவுட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். ரூம் ஹீட்டரையும் லேசர் பிரிண்டரையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அதில் மாட்டக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் தெரியாமல் மாட்டிவிடாதபடி யூபிஎஸ் மேலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பலர் விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. யூபிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி வயரைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் பேட்டரி தீரப் போகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். இல்லையென்றால் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் அது படாரென்று அணையத்தான் போகிறது. ஆகவே வாங்கும்போதே யூஎஸ்பி உள்ள மாடலாகக் கேளுங்கள். விண்டோஸில் பல யூபிஎஸ்கள் லேப்டாப் பேட்டரி போலவே பவர் அமைப்பில் தெரியும். பேட்டரி எந்த அளவுக்கு இறங்கினால் ஷட் டவுன் ஆக வேண்டும் என்று அங்கேயே சொல்லலாம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான உபுண்டுவில் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

அப்புறம் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய், கரண்ட் திரும்பி வந்தால் தானாக ஆன் ஆகும் அமைப்பைப் போடுங்கள். 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' அல்லது அதைப் போன்ற பெயரில் இருக்கும். "அண்ணா, கரண்ட் வந்துடுச்சு, கேமரா மட்டும் வரலையே" என்று போன் வருவது பெரும்பாலும் இதனால்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு: கம்ப்யூட்டர் ஒழுங்காக ஷட் டவுன் ஆன பிறகு, யூபிஎஸ் அணைவதற்கு முன்பே கரண்ட் வந்துவிட்டால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அதனால் அது எழுந்திருக்காது. ஷட் டவுனுக்குப் பிறகு யூபிஎஸ்ஸும் வெளியே கொடுக்கும் மின்சாரத்தை நிறுத்தும்படி மென்பொருளில் அமைத்துவிட்டால் இது தீரும்.

எல்லாம் முடிந்ததும் சுவரிலிருந்து யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கம்ப்யூட்டர் தானாக அணைகிறதா? பிளக்கை மாட்டினால் எழுகிறதா? ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் இதைச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி இரண்டிலிருந்து நான்கு வருஷம்தான் உழைக்கும்.

இடி, ஈரம், எலி

ஏப்ரல், மே கோடை மழையில் இடி பக்கத்தில் விழுந்தால் யூபிஎஸ் காப்பாற்றாது. பிளக், நெட்வொர்க் வயர் இரண்டையும் கழற்றுவதுதான் வழி. அதையும் இடி நெருங்குவதற்கு முன்பே செய்யுங்கள், இடி முழங்கும்போது வயரைத் தொடாதீர்கள். இணையம் வரும் ஃபைபர் கண்ணாடி இழை, அந்த இழையில் மின்சாரம் ஓடாது. ஆபத்து கேட் வரைக்கும் சில்வர் ஓக் மரத்தடியில் இழுத்துவிட்ட கேமரா வயரில்தான். அது செம்பு. இடியின் வேகத்தை நேராக வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். அந்த வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் (திடீர் மின் பாய்ச்சல்) தடுப்பான் வையுங்கள்.

ஈரத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. எப்போதும் ஓடும் கம்ப்யூட்டர் அறையைவிட எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருக்கும், அதனால் உள்ளே பனித்துளி படியாது. பல நாள் அணைத்து வைத்திருந்ததைத் திடீரென்று ஆன் செய்யும்போதுதான் கவனம் வேண்டும். ஈரம் பூத்த வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். மழைக்காலத்தில் எலி கதகதப்பைத் தேடி வரும். வயர்களைக் குழாய்க்குள் விடுங்கள்.

பழைய லேப்டாப்பைத்தான் ஓடவிட்டிருக்கிறீர்களா? சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைக்க முடிந்தால் அமைத்துவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ அடிப்பக்கம் புடைத்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே நிறுத்துங்கள்.

இணையத்தின் பக்கக் கதவு

"நம்ம வீட்டுக் கம்ப்யூட்டரை யார் தேடி வரப் போறாங்க?" யாரும் தேட வேண்டியதே இல்லை. தானாக ஓடும் நிரல்கள் ஊரிலுள்ள ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு இணைய முகவரியையும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. 2016இல் மிராய் என்ற தீய நிரல் அப்படித்தான் பரவியது: கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது.

ஆகவே ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே யூபிஎன்பியையும் (கருவிகள் தாங்களே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) அணையுங்கள். போர்ட் ஃபார்வர்டிங்கில் (வெளியிலிருந்து வீட்டுக் கருவிக்கு நேராகத் திறந்துவிடும் வழி) ஏதாவது இருந்தால் நீக்குங்கள். கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டால், மாட்ட வருபவர் போர்ட் திறந்துவிட்டுப் போவது உண்டு. அதற்குப் பதில் உங்கள் கருவிகளை மட்டும் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரிலும் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள். ரவுட்டரில் எதையும் திறக்காமலே உங்கள் போனுக்கு மட்டும் வழி கிடைக்கும்.

ஹோம்ஸ்டே வீடுகளில் விருந்தாளிகளுக்குக் கட்டாயம் தனி கெஸ்ட் வைஃபை. அவர்கள் போனில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

அப்டேட்

2017 மே 12 அன்று உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வானாக்ரை வைரஸ், மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அப்டேட் போடாத மெஷின்கள் மாட்டிக்கொண்டன. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் மாற்றத் திட்டமிடுங்கள். உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானே போட்டுக்கொள்ளும். எதுவானாலும் ரீஸ்டார்ட் செய்தால்தான் சில அப்டேட்டுகள் வேலைக்கு வரும். எப்போதும் ஓடும் கம்ப்யூட்டரில் மறந்துபோவது இதுதான். மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

பேக்கப்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. எப்போதும் செருகியே இருக்கும் டிரைவை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுக்க மாட்டேன்: வைரஸ் வந்தாலும் இடி விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். வாரம் ஒருமுறை செருகி, எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். இன்னொரு டிரைவ் கோயம்புத்தூரில் தம்பி வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும்; கீழே போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். வெளியே போகும் டிரைவுக்கு என்கிரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டுவது) அவசியம். அந்தப் பாஸ்வேர்டை எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

எடுத்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, பழைய போட்டோ ஒன்றையும் கேமரா பதிவு ஒன்றையும் முழுதாகத் திறந்து பாருங்கள். திறந்தால் சரி. திறக்கவில்லையென்றால் முதல் பிரதி நன்றாக இருக்கும்போதே புதிதாக எடுத்துவிடுங்கள்.