அடக்கி உட்கார வைத்தால் அமைதி வருமா? ஏடிஎச்டி பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

மாலை 4.30 மணிக்கு அல்சூரில் எங்கள் தெருமுனைக்கு ஸ்கூல் வேன் வரும். என் மகனுக்கு 8 வயது. அவனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமலோ, துறுதுறுப்பும் அவசரமும் அடங்காமலோ இருக்கும் மூளை வளர்ச்சி சார்ந்த பிரச்சினை. படியில் கால் வைக்காமல் குதித்துத்தான் இறங்குவான். பை ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம் பறக்கும். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய், பாலைக் கொடுத்து, ஹோம்வொர்க் நோட்டைத் திறந்து வைத்து, "அசையாம உட்காரு" என்பேன். ஆறு மணிக்குள் இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். இப்படியே இரண்டு வருடம் போனது.

நான் செய்த பெரிய தவறு இதுதான், அதனால் இதை முதலில் சொல்கிறேன். காலையிலிருந்து வகுப்பில் தன்னைக் கட்டிப் போட்டுக்கொண்டு இருந்த பிள்ளை அவன். அப்புறம் பெங்களூரு டிராபிக்கில் முக்கால் மணி நேரம் வேனில் உட்கார்ந்து வந்திருக்கிறான். அவனை மறுபடியும் உட்கார் என்றால் எங்கே உட்காருவான்?

காத்திருப்பது, கையைக் கட்டுப்படுத்துவது, பேச வந்ததை விழுங்குவது எல்லாம் மூளையின் முன்பகுதி பார்க்கும் வேலை. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி நிதானமாக முதிர்கிறது. 2007இல் அமெரிக்காவில் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று, மூளையின் மேலுறை முதிர்வதில் சுமார் 3 ஆண்டு தாமதம் இருப்பதைக் காட்டியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் மகனிடம் 5 வயதுப் பிள்ளையின் பொறுமையைத்தான் எதிர்பார்க்கிறேன். வீட்டில் பாதிச் சண்டை அதிலேயே குறைந்துவிட்டது.

இப்போதெல்லாம் வேனை விட்டு இறங்கியதும் நேராகப் பூங்காவுக்குப் போகிறோம். அரை மணி நேரம் ஓட்டம், ஊஞ்சல். அதற்குப் பிறகுதான் வீடு. மழை நாளில் மாடிப்படியை நாலு தடவை ஏறி இறங்குவான், சப்பாத்தி மாவைப் பிசைவான், நனைந்த துணியைப் பிழிந்து கொடுப்பான், சுவரை இரண்டு கையாலும் தள்ளுவான். உடம்பு பலத்தைச் செலவழிக்கும் வேலை முடிந்தால் அவன் தானாகவே அடங்கி வந்து பக்கத்தில் உட்காருகிறான். எழுதும்போது கால் ஆடினால் ஆடட்டும். பல பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம்தான் கவனத்தைப் பிடித்து வைக்கிறது.

அடுத்த தவறு, பிள்ளை கத்திக்கொண்டிருக்கும்போது நியாயம் பேசுவது. "நேத்தும் இதான பண்ணின, எத்தனை தடவை சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க" என்று அடுக்குவோம். அந்த நேரத்தில் அவனுக்கு நம் குரல் கேட்கும், சொல் கேட்காது. நம் குரல் ஏறினால் அவன் குரல் அதற்கு மேல் ஏறும். நான் இப்போது தரையில் உட்கார்ந்துவிடுவேன், என் கண் அவன் கண்ணுக்குக் கீழே இருக்கும்படி. "இங்கதான் இருக்கேன். தண்ணி குடி." அவ்வளவுதான் பேச்சு. அணைத்தால் சில பிள்ளைகள் தணிவார்கள், சிலர் இன்னும் பதறுவார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். மூச்சுப் பயிற்சியைக்கூட அந்த நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். நல்ல மூடில் இருக்கும்போது, சூடான இட்லியை ஊதுகிற மாதிரி மெதுவாக மூச்சை விடச் சொல்லி விளையாட்டாகப் பழக்கினால்தான் கோபத்தில் அது கைகொடுக்கும். என்ன தப்பு என்று பேசுவதை ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு வாக்கியத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ், நண்பர்களோடு இந்தி. "இத்தனை பாஷையால்தான் குழந்தை குழம்புது, வீட்டில் தமிழை நிறுத்துங்க" என்று எனக்கும் அறிவுரை வந்தது. பல மொழி கேட்டு வளர்வதால் ஏடிஎச்டி வராது. பதறும் பிள்ளையைத் தேற்ற நமக்குத் தடுமாறாமல் வருகிற மொழிதான் வேண்டும். தயவுசெய்து தமிழை நிறுத்தாதீர்கள்.

பாடம் முடிக்கவில்லை என்று விளையாட்டு நேரத்தைப் பிடுங்குவதும் தவறுதான். எங்கள் பிள்ளையின் பள்ளியிலும் பிடி பீரியடை வெட்டினார்கள். அதற்கு அடுத்த வகுப்பிலேயே இன்னும் அலைந்தான். ஆசிரியரிடம் சண்டை போடாமல், போர்டு அழிப்பது, நோட்டு விநியோகிப்பது மாதிரி எழுந்து நடக்கும் வேலையை அவனுக்குத் தரச் சொல்லிக் கேட்டோம். கொடுத்தார்கள்.

சர்க்கரையைக் குறை சொல்வதை விட்டுவிடலாம். இனிப்பு சாப்பிட்டால் பிள்ளை துள்ளும் என்பதைச் சோதித்த ஆய்வுகளை 1995இல் தொகுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், அது வேறு. தூக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். 6 முதல் 12 வயது வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும். ராத்திரி போனைக் கையில் கொடுத்து அடக்கினால் அந்தத் தூக்கம்தான் முதலில் போகும்.

கடைசியாக, "அவன் அப்பாவும் சின்ன வயசில் இப்படித்தான், போகப் போகச் சரியாயிடும்" என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுவது. ஏடிஎச்டி பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. அப்பாவும் இப்படித்தான் என்றால் சீக்கிரம் காட்டுவதற்கு அது ஒரு காரணம். 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என்று ஓர் இடத்துக்கு மேல், 6 மாதமாவது தொந்தரவு நீடித்தால் காட்ட வேண்டும். துள்ளாமல், ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்டுகொண்டே இருக்கும் பெண் பிள்ளைகளை யாரும் கவனிப்பதில்லை. அவர்களையும் பாருங்கள்.

பெங்களூரு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. பழைய மனநல மருத்துவமனையிலிருந்து வளர்ந்து 1974இல் உருவான நிறுவனம் என்பதால், இன்னமும் நம் ஆட்கள் அந்தப் பேரைச் சொல்லத் தயங்குகிறார்கள். அங்கே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் என்றே தனித் துறை இருக்கிறது. 6 வயதுக்குக் கீழே என்றால் பொதுவாகப் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் முதலில் சொல்வார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்து எழுதினால், பசி குறைவதை, தூக்கம் மாறுவதைக் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். போகும்போது ஸ்கூல் டைரியையும், வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கிய ஒரு பக்கத்தையும் கையில் எடுத்துப் போங்கள்.