கையில் 500 அட்டை, திரையில் 493 கவுண்டி

அமெரிக்காவின் 3077 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) உள்ளவர்களோடும் அமெச்சூர் வானொலியில் பேசி முடிப்பதற்கான யுஎஸ்ஏ-சிஏ விருதில் முதல் படி 500. மேசையில் அத்தனைக்கும் க்யூஎஸ்எல் அட்டை, அதாவது பேசியதை உறுதிசெய்து எதிர்முனையில் இருந்தவர் அனுப்பும் அட்டை, இருந்தது. பேசியதையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் மென்பொருள் மட்டும் 493-ஐத் தாண்டவில்லை.

மென்பொருளை அழித்து மறுபடி நிறுவினேன். கவுண்டிப் பட்டியலைப் புதுப்பித்தேன். எழுத்துப்பிழையோ என்று இரண்டு இரவு அட்டைகளோடு ஒப்பிட்டேன். எல்லாம் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன், விடுபட்ட ஏழும் வர்ஜீனியா. அங்கே 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை. அவற்றோடு பேசினால் பக்கத்துக் கவுண்டிக்குக் கணக்கு. அதற்காக நானே முன்பு ஏடிஐஎஃப் கோப்பை (லாக் பதிவுகளைச் சேமிக்கும் எழுத்துக் கோப்பு) நோட்பேடில் திறந்து, ‘ஃபேர்ஃபாக்ஸ் சிட்டி’ என்றிருந்ததை ‘ஃபேர்ஃபாக்ஸ்’ ஆக்கியிருந்தேன். மற்ற ஆறுக்கும் அதே கைவேலை.

வினை அங்கேதான். ஏடிஐஎஃப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அதன் பெயரைச் சொல்லும் டேக் உண்டு, அதில் தகவலின் நீளமும் எண்ணாக இருக்கும். ‘ஃபேர்ஃபாக்ஸ் சிட்டி’ மாநிலச் சுருக்கம், கமா, இடைவெளி எல்லாம் சேர்த்து ஆங்கில எழுத்தில் 15 இருந்தது, ‘ஃபேர்ஃபாக்ஸ்’ ஆனபின் 10. நான் பெயரைக் குறைத்தேன், எண்ணைத் தொடவில்லை. மென்பொருள் சொன்னபடி 15 எழுத்தைப் படித்து, அடுத்திருந்த ‘அட்டை வந்தது’ டேக்கின் தலையையும் கடித்துவிட்டது. கவுண்டிப் பெயரும் கெட்டது, அட்டைக் குறிப்பும் போனது. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை!

ஏழு இடத்திலும் எண்ணைத் திருத்தி, பழைய பதிவுகளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். 500 வந்தது. சரி, இனி திருத்தமெல்லாம் மென்பொருளுக்குள்ளேயேதான்.